வேலியோரச் செடிக்குத் தண்ணீர் வேண்டாம்

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

கடல் பக்க வேலியோரம் நான் நட்ட செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். உப்புக்காற்றிலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற ஜாதி அது. இலை மஞ்சளானது உப்பால் இல்லை, நீங்கள் வாளி வாளியாக ஊற்றி வேர் அழுகுவதால். இன்னும் ஊற்றினால் செத்துப்போகும்.

“டிகிரி வாங்கியும் ஒரு செடி வளர்க்கத் தெரியல”ன்னு பக்கத்து வீட்டு மாமாகிட்ட சொன்னீங்களே, அதற்குத்தான் நேற்று கத்தினேன். கத்தினது கத்தினதுதான்.

ஆனால் இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாக உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு குனியலாமா? துடைக்கவே தேவையில்லை அப்பா.

சொன்னால் கேட்க மாட்டீர்கள். வேலியோரம் ஸ்டூல் போட்டிருக்கிறேன், உட்கார்ந்து துடையுங்கள்.