அக்கரை நேரம்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு மெஷின் இரண்டு தடவை நின்றுவிட்டது. ஈர விரிப்புகளைக் கையால் பிழிந்து தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று போனால், இந்த அக்கரை ஆஸ்பத்திரியின் சலவைக்கூட சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறாராம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்த இடம் எனக்காம். "உன்னை விட்டா யாருக்கு எல்லா வார்டும் தெரியும்?" என்றார்.

தெரியாமல் என்ன? நான் நர்ஸ். இக்கரை ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில், பதினோரு வருஷம் நின்றவள். ஆனால் பாலத்தைத் தாண்டிவிட்டால் வேறு நாடு, என் படிப்பு செல்லாது. அழுக்குத் துணிதான் எந்தப் படிப்பும் கேட்காது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் எதற்கு?

மார்ச் 9, ஞாயிறு

டிவியில் செய்தி. நாங்கள், அக்கரை, அதற்கும் அப்பால் இருக்கிற நாடு என்று மூன்று நாடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒரு நாட்டு நர்ஸ் படிப்பு இனிமேல் மற்ற இரண்டிலும் செல்லும். ஒரே ஒரு செய்முறைத் தேர்வில் பாஸ் பண்ண வேண்டும், அதுவும் அந்த நாட்டு மொழியிலேயே. கூடவே ஏப்ரல் ஒன்றிலிருந்து மூன்றுக்கும் ஒரே கடிகாரம். ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் அக்கரை நேரம்தான் இனி எல்லோருக்கும்.

"இத்தனை வருஷமா நம்மளவிட ஒரு மணி நேரம் மூத்தவங்க மாதிரி நடந்துக்கிட்டாங்க. இனிமே அந்தப் பவுசு செல்லாது" என்றார் இவர்.

இவர் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். அக்கரைத் துணி மலிவாக வந்திறங்கியதும் மில் படுத்தது. அப்புறம் எங்கள் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகச் சம்பளம் வரவில்லை. ஊரே ஆறு மணி பஸ்ஸில் ஏறிப் பாலம் தாண்ட ஆரம்பித்தது. அங்கே துடைப்பது, துவைப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் நாங்கள்தான். ஒப்பந்தம், ஒரே சந்தை என்று பேச்சு வந்தபோதெல்லாம் இங்கிருந்து ஏதாவது ஒன்று போனது. முதல் தடவையாக ஏதோ வருகிற மாதிரி இருக்கிறது. நம்பலாமா?

மார்ச் 12, புதன்

தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். நான் துவைக்கிற ஆஸ்பத்திரியிலேயே தேர்வு, தேதி ஏப்ரல் ஒன்று. எப்படி அமைகிறது பார்!

மேனேஜரிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "நாளைக்கே நர்ஸாகி ஓடிப்போற ஆளுக்கு நான் எதுக்குப் பொறுப்பு குடுக்கணும்? ஒண்ணு இது, இல்லேன்னா அது. யோசிச்சுச் சொல்லு." அவர் சொல்வதும் நியாயம்தான், அதனால்தான் எரிச்சல்.

மார்ச் 13, வியாழன்

குழம்பில் இரண்டு தடவை உப்பு. இன்று சமையல் இவர். எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இவரிடம் நேராகக் கேட்டேன். தேர்வில் கோட்டை விட்டால் அதுவும் போய், இதுவும் போய், சாகும்வரை விரிப்பு பிழிய வேண்டியதுதான், என்ன சொல்றீங்க?

"டிவியில பிரசவ சீன் வந்தா, 'ஐயோ, தலையைத் தாங்கிப் பிடிடி'ன்னு கத்தற. நீ சூப்பர்வைசரா அடங்கி உக்காருவியா?" என்றார்.

மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடம் வாயாடிக்குப் போகிறது. சலவையில் என் ஜோடி அவள், அக்கரைக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உன் இடத்தைப் பிடுங்கிட்டேன்னு மனசுல வெச்சுக்காதே."

"எடுத்துக்கோடி தாயே" என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

மார்ச் 27, வியாழன்

கை எதையும் மறக்கவில்லை. வாய்தான் பிரச்சினை. அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சலவைக்கூடத்து வார்த்தைகள். வலியில் துடிக்கிறவளிடம் போய் 'சீக்கிரம் பிழி, காயப்போடு' என்றா சொல்வேன்?

ஏப்ரல் 1, செவ்வாய்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

நேற்றே இவர் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார். எல்லாம் சரி. காலையில் என்ன செய்தோம்? வழக்கம்போல ஆறு மணி பஸ்! ஒரு மணி நேரப் பயணம், ஆறுக்கு ஏறினால் அவர்கள் கடிகாரத்தில் எட்டு, அது ரத்தத்தில் ஊறின கணக்கு. நேரம்தான் ஒன்றாகிவிட்டதே, ஏழு மணி பஸ் போதுமே என்று ஒருத்தருக்காவது உறைக்க வேண்டாமா? பஸ் நிறைய ஆள். "என்ன இன்னிக்கு இவ்வளவு இருட்டு, மழை வருமோ?" என்று டிரைவர் உட்பட எல்லோரும் பேசிக்கொண்டே போனோம்.

ஆஸ்பத்திரியில் வேலையாட்கள் போகிற கேட் பூட்டியிருந்தது. "மணி ஏழுதான் ஆகுது. உங்க ஊர்ல யாரும் தூங்கறதே இல்லையா?" என்றார் காவலாளி.

வாயாடி மட்டும் சலவைக்கூடச் சாவியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் சூப்பர்வைசர், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லையாம். பக்கத்தில் மூன்றாவது நாட்டிலிருந்து தேர்வுக்கு வந்த ஒரு பெண். அவளும் என்னைப்போல வெளிறிப்போயிருந்தாள். பிரசவ வார்த்தைகள் வாயில் வரவில்லை என்று வாயாடியிடம் சொன்னேன்.

"மூணு பெத்தவகிட்ட முன்னாடியே கேக்கறதுக்கென்ன?" என்று பெஞ்சில் மல்லாந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் காவலாளி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். நானும் அந்தப் பெண்ணும் மாறி மாறிப் பிரசவம் பார்த்தோம். "சுவாசத்தை உள்வாங்கவும்" என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்படிச் சொன்னா உதைப்பா. 'என் கையைப் பிடி கண்ணு, நசுக்கினாலும் பரவாயில்ல, மெல்ல ஊது'ன்னு சொல்லு. எனக்கு அப்படித்தான் சொன்னாங்க." கேட் திறக்கும்வரை சொல்ல வைத்தாள்.

தேர்வில் நிஜக் கர்ப்பிணி. கடுகடு டாக்டரம்மா. 'சுவாசத்தை' என்று புத்தகத்தில்தான் ஆரம்பித்தேன். அப்புறம் வாயாடி சொன்ன மாதிரியே, அதே ராகத்தில் வந்துவிட்டது. அந்தக் கர்ப்பிணி சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினாள். டாக்டர் நிமிர்ந்து, "இது எந்தப் பாடத்துல இருக்கு?" என்றார்.

"பெஞ்சுல, டாக்டர்."

ஐயோ, ஏன் அப்படி உளறினேன்! டாக்டர் சிரிக்கவில்லை. என்னவோ எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

பாஸ். பாஸ். இவர் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்து, யாரிடம் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு; மூன்றாவது நாட்டுப் பெண்ணும் பாஸ், அவளும் அங்கேதான் வருகிறாள்.

மே 5, திங்கள்

வார்டில் முதல் நாள். பதினொரு மணிக்குப் பெண் குழந்தை. கைக்கு வந்ததும் ஒரு அழுகை அழுதது பார், எனக்கும் சேர்த்து அழுத மாதிரி. அந்த அம்மாவின் படுக்கை முழுக்க நனைந்துபோயிருந்தது. சலவைக்கூடத்துக்கு நான்தான் போன் போட்டேன்.

"சூப்பர்வைசர் பேசறேன், யாரது?" என்றாள் வாயாடி, புதுக் குரலில்.

"பிரசவ வார்டு நர்ஸ்" என்றேன்.

போனிலேயே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் கேட்டாள்:

"எத்தனை விரிப்பு வேணும், சிஸ்டர்?"