நீ ஒரு சொட்டும் குடித்ததில்லை

இன்று காலை வகுப்பில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீயே பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. பாடம் நடத்திவிட்டு நீ ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் உன் புடவை முழுக்க இதே வாடைதான் அடிக்கும். "என்னடி, ஊசி போடுற நர்ஸ் மாதிரி வந்து நிக்கிறே?" என்று நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். நீ வேண்டுமென்றே ஒட்டி உட்காருவாய்.

குடியைப் பற்றிய பாடம் என்றால் நாங்களெல்லாம் புத்தகத்தை வாசித்துவிட்டு மணி அடிக்கக் காத்திருப்போம். நீ அப்படியா? கண்ணாடி டம்ளரில் முட்டையை உடைத்து ஊற்றி, மேலே ஸ்பிரிட்டை விடுவாய். வெள்ளைக்கரு கண்ணெதிரே திரிதிரியாக வெளுத்து இறுகும். அடுப்பில்லாமல் வெந்த முட்டையைப் பார்த்து நாலாம் வகுப்பே கப்சிப் என்றாகிவிடும். "குடிச்சா உள்ள ஈரல் இப்படித்தான் கெட்டுப்போகும்" என்பாய். கூடவே கண்டிப்பாக ஒன்று சொல்வாய்: "பாட்டில ஒளிச்சு வெச்சு அடி வாங்காதீங்க. அப்பாவத் திருத்துறது உங்க வேலை இல்ல. தெரிஞ்சுக்கோங்க, அது போதும்." அன்று மாலை கீழ்க்கட்டளையில் பல வீடுகளில் உன் முட்டையைப் பற்றித்தான் பேச்சு.

அப்புறம் உனக்கே வந்தது. கண் மஞ்சளாகி, கால் வீங்கி, தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். சர்க்கரையாலும் கொழுப்பாலும் ஈரல் சுருங்கிப் போய்விட்டது என்றார் டாக்டர். "நான் குடிச்சதெல்லாம் நம்ம ஸ்டாஃப் ரூம் கழுநீர் டீதானே சார்?" என்று அவரிடமே கேட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு? உன்னைப் பார்க்க வந்த பள்ளிக்கூட ஆயா, போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சருக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். உன் காதில் விழுந்துவிட்டது.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாய். "புள்ளைங்களும் அப்படித்தானே நெனைக்கும்? ஈரல் கெட்டா குடிதான்னு நானேதானே சொல்லிக் குடுத்தேன்" என்றாய். ஒரு பிள்ளையையும் அப்படி நினைக்க விடமாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். உன் கை அப்போதே சில்லிட்டிருந்தது.

நீ போன பிறகு உன் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு என்னிடம் வந்தார்கள். வந்ததுமே ஒருவன் எழுந்து கேட்டான், "மிஸ், அந்த மிஸ் குடிப்பாங்களா?" கத்திவிட்டேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும், உங்கள் மிஸ் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று பொறுமையாக விளக்கினேன். பிள்ளைகள் நம்பினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் செய்தார்கள். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாக இருந்தேன்.

இன்று அந்தப் பிள்ளைகள்தான் முட்டையைத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எல்லோரும் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு தர்ஷினி மட்டும் மேசையருகே நின்றாள். உனக்கு நினைவிருக்கும், அவள் அப்பா மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.

"மிஸ், எங்கப்பாவுக்கு வயிறு வீங்கிக் கீது. இத்தோட குடிய வுட்டுட்டா பொழச்சிப்பாருன்னு டாக்டரு சொன்னாரு. இவரு கேக்கவே மாட்றாரு. 'உங்க டீச்சரம்மா குடிக்காமலே இதே நோவுலதான் போய்ச் சேந்தாங்கன்னு நீதானே வந்து சொன்னே? வர்றது வந்தே தீரும். குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா'ன்றாரு."

மிஸ்ஸுக்கு வேறு காரணம், அப்பாவுக்கு வேறு காரணம், அவர் நிறுத்தினால் ஈரலுக்கு நல்லது என்று என்னென்னவோ சொன்னேன்.

"அதெல்லாம் சொல்லிட்டேன் மிஸ்" என்றாள். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அவருதான் வர்றாரு. அந்த மிஸ் குடிச்சித்தான் செத்தாங்கன்னு நீங்க சொல்லிடுங்க மிஸ். நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அவரு என்ன அடிச்சாலும் பர்வால்ல. பயந்துட்டார்னா போதும்."

பத்து வயதுப் பிள்ளை, அடி வாங்கத் தயாராக நிற்கிறாள். நான் என்னடி செய்வேன்? மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை அடிக்க விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், தப்பாகச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். சரி என்று தலையையும் ஆட்டிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட ஓடினாள்.

நாளைக்கு அந்த மனிதரை உட்காரவைத்து, உன்னைக் குடிகாரி என்று சொல்லப்போகிறேன். அவர் பயப்படுவாரா, சிரித்துவிட்டு நேரே ஒயின் ஷாப்புக்குப் போவாரா, அதுவும் தெரியாது. ஆனால் பேச்சு பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிடும். ஆயா நம்புவாள், ஊர் நம்பும். உனக்காக அடித்துப் பேசிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான், நானே உன் பெயரைக் கெடுத்தவளாகிவிடுவேன். நீ யாரென்பதை இனி நான் வாயைத் திறந்து சொல்லவே முடியாது, எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோபம் வருகிறதா? வரட்டும். என்னைத் திட்டவாவது நீ இருந்திருக்கலாம்.