நாலாவது வரிசையில் ஒரு காலி இடம்

மார்ச் 3, செவ்வாய்

நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்திச் சுத்தமாகப் பேசினால்தான் தப்பில்லாமல் எழுதுகிறது. அதனால் இந்தக் குறிப்பில் மட்டும் நான் கொஞ்சம் படித்தவன் போல இருப்பேன்.

விசேஷம் ஒன்றும் இல்லை. போனின் முதுகு லேசாக வீங்கியிருக்கிறது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

மார்ச் 5

மருமகள் பார்த்துவிட்டாள். "மாமா, பேட்டரி உப்பிப்போச்சு. இதையா சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறீங்க? சனிக்கிழமை போய் வேற வாங்கிரலாம்."

என் கவலை வேறு. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மோட்டார் உதிரிபாகக் கடையில் நாற்பது வருஷம் நின்றேன். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டு எதையும் நான் படித்ததில்லை. கையை நீட்டினால் அந்த இடத்தில் அந்தப் பொருள் இருக்கும், அவ்வளவுதான். போனையும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறேன். மகன் லீவில் வந்தபோது நான் சொல்லச் சொல்ல அவன் வைத்தான். வரிசைக்கு நாலு. முதல் வரிசை முதலாவது ரேடியோ. இரண்டாவது வரிசை கடைசி டாக்டர். அதைத் திறந்தால் டாக்டர் முகம் வரும், என் மனைவியின் முழங்காலைப் பார்ப்பார். அடுத்தது 19ஆம் தேதி, காலை பதினொன்று. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.

மனைவியும் படிக்காதவள்தான். ஆனால் அவள் மறைக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா, நீயே படிச்சுச் சொல்லு" என்று மருமகளிடம் எதையும் நீட்டிவிடுவாள். மாட்டிக்கொண்டவன் நான். மருமகள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் பேப்பரை முதலில் என் கையில் கொடுத்தாள், மரியாதையாக. அப்போதே சொல்லியிருக்கலாம். வாங்கிப் பிரித்துவிட்டேன். மூன்று வருஷமாகப் பிரித்துக்கொண்டே இருக்கிறேன். மகன் கப்பல் வேலையில் இருக்கிறான், அவனுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டான்.

மார்ச் 13

எட்டு நாளாகப் பேசவில்லை. பேசுகிற ஆப் எங்கே போனது என்றே தெரியவில்லை. இன்று கிடைத்தது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை போன் கடைக்காரர் சொன்னார், "எல்லாம் பேக்கப்புல இருக்கு பெரியவரே. மேல இருக்கு, அப்படியே இறக்கிரலாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். காற்றாடிதான் சுற்றியது. "மேலன்னா எங்க?"

"எங்கயோ ஒரு பெரிய கட்டடம். உங்களுது, என்னுது, எல்லாருதும் அங்கதான் கெடக்குது."

"அப்ப குடோன்."

"குடோன்னே வைங்க."

"சரக்கு வந்துரும். எது எந்த எடத்துல இருந்துச்சுன்னும் வருமா?"

"அதெல்லாம் வரும், வரும்."

ஒருவன் இரண்டு தடவை வரும் என்றால் எனக்குச் சந்தேகம். கையில் இல்லாத பொருளுக்கு நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். "பழசை அழிச்சிரலாமா?" என்றார். மருமகள் தலையாட்டினாள். அழித்துவிட்டார்.

சரக்கு எல்லாம் வந்தது, ஒன்று குறையவில்லை. இடம் வரவில்லை. பழைய போன் ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி, ஒன்றின் ரேக் மற்றதற்குத் தெரியாதாம். வீட்டுக்கு வந்ததும் மருமகள் உட்கார்ந்து, பாவம், ராத்திரி சாப்பாடுகூடத் தள்ளிப்போட்டு, எல்லாவற்றையும் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துப் பெயர் எழுதிக் கொடுத்தாள். "பாருங்க மாமா, படிச்சாலே போதும், தேடவே வேண்டாம்." அழகாக இருக்கட்டும் என்று படங்களையெல்லாம் ஒரே சாம்பல் நிறமாகவும் ஆக்கியிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆனால் ஒன்று. தேடுவதும் சுவாரசியமாகத்தான் இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்று வடக்கு எது என்று காட்டுகிறது. ஒன்று மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிறது. நம் சாப்பாட்டு மேசை மட்டமாக இல்லை. இதெல்லாம் பழைய போனிலும் இருந்ததா? இருந்திருந்தால் இத்தனை நாள் என்ன செய்தேன்? டாக்டரையும் கண்டுபிடித்தேன். இரண்டாவது ஃபோல்டரில் முதலாவது.

மார்ச் 16

டாக்டர் முதலாவதில் இல்லை. மூன்றாவதில் இருக்கிறார். யார் மாற்றியது?

மார்ச் 17

யாரும் மாற்றவில்லை, போனே மாற்றுகிறது. அதிகம் தொட்டது முன்னால் வருகிறது. வடக்கை நாலு தடவை பார்த்தேன், வடக்கு முன்னால் வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டிகள் தாமாக நடந்து இடம் மாறுகிற கடையில் எவன் வேலை பார்ப்பான்?

மார்ச் 19

பத்தேமுக்காலுக்கே மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். திறந்தேன், வேறு ஏதோ வந்தது. மூடினேன். இன்னொன்று. பக்கத்து வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. டாக்டர் கிடைத்தபோது பதினொன்று இருபத்தைந்து. உள்ளே யாரும் இல்லை, வெறும் வெள்ளை.

"மூணு மாசம்" என்றாள். காலை மெல்ல நீட்டிக்கொண்டு, "என் கால்தான் உங்க கௌரவத்துக்குக் கெடச்சுதா?" என்றாள்.

இன்னிக்கி இதுக்கு மேல பேச முடியல.

மார்ச் 20

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில், மூன்றே வார்த்தை. எனக்குப் படிக்கத் தெரியாது.

மருமகள் நம்பவில்லை. "தலையங்கம் எப்படின்னு கேட்டா 'இன்னிக்கிக் காரம் ஜாஸ்தி'ன்னு சொல்வீங்களே?"

"ஆறு மணிச் செய்தியில கேட்டதும்மா."

சிரித்தாள். மனைவியும் சேர்ந்துகொண்டாள். "பேப்பரைத் தலைகீழாப் பிடிக்காம இருந்தாரே, அதைச் சொல்லு." பிறகு மருமகள் சிரிப்பை நிறுத்தித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாள் பூரா புள்ளி விட்டுப்போச்சா, கால் விட்டுப்போச்சான்னு தேடறவ நான். எதிர்ல உக்காந்திருக்கறவரைப் பாக்கலையே."

மார்ச் 22, ஞாயிறு

ஃபோல்டர்களையெல்லாம் உடைத்தாள். நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தாள். வரிசைக்கு ஐந்து இருந்ததை நாலு ஆக்கினாள். நான் சொன்னேன், அவள் வைத்தாள். பழையபடி நாற்பத்து மூன்றும். ஓரிடத்தில் நின்றாள்.

"நாலாவது வரிசை முதலாவது சொல்லலையே மாமா. மறந்துட்டீங்களா?"

"அது காலிம்மா. கட்டைவிரல் வைக்கிற எடம். அங்க ஏதாச்சும் இருந்தா பிடிக்கும்போதெல்லாம் தெறந்துக்கும்."

ஒன்றும் இல்லாததற்கும் ஓர் இடம் உண்டு என்பது குடோனுக்கு எப்படித் தெரியும்? வரிசை இனி நகராதபடி பூட்டினாள். பேக்கப்பில் அடுக்கையும் சேர்க்க ஏதோ ஒன்றைத் தொட்டாள். "இந்தக் கம்பெனி போனே வாங்கினா அடுத்த தடவை எடமும் வரும்" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

ஏப்ரல் 2

மருமகள் அலைந்து வாங்கிய தேதி. இரண்டாவது வரிசை கடைசி. பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் முன்பே டாக்டர் வந்தார். அறுவை சிகிச்சை இப்போது வேண்டாமாம். 19ஆம் தேதியிலிருந்து மனைவி கொடுத்த காபி கசந்தது. இன்று காபியில் சர்க்கரை சரியாக இருந்தது.

ஏப்ரல் 9

பேப்பர் இன்னும் முதலில் என் கைக்குத்தான் வருகிறது. "படம் பாத்துட்டுக் குடுங்க மாமா" என்கிறாள்.

இன்று சாயங்காலம் அவள் போன் கீழே விழுந்து கண்ணாடி விரிசல். நாளைக்குக் கடையில் கொடுக்கப் போகிறாள். என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"பேக்கப் போட்டாச்சு. இருந்தாலும் நீங்க ஒரு தடவை நல்லாப் பாத்து வெச்சுக்கங்க."

பார்த்தேன். மூன்று பக்கம், அறுபத்தொன்று. அவளுடையதிலும் நாலாவது வரிசை முதலாவது இப்போது காலி.