தொடைக்கறி கேட்டேன், கழுத்துக்கறி வந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கறிக்கடைக்காரர் மகள் ஆன்லைனில் கறி வாங்குகிறாளே என்று கோபப்படாதீர்கள். மாதச் சந்தா கட்டினால் ஐந்து கிலோ மொத்தமாக, ஐஸ் பெட்டியில் வாசலுக்கே வந்துவிடுகிறது. இந்த முறை தொடைக்கறி கேட்டேன், கழுத்துக்கறி வந்தது. உடனே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“பாக்கெட்ல தொடைன்னுதானேம்மா போட்டிருக்கு?” என்றார் போனை எடுத்த ஆள்.

“எலும்பைப் பார்த்தா தெரியாதா? எங்கப்பா முப்பது வருஷமா கறி வெட்டுறாருங்க!”

மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்தால் ருசியே வரவில்லை. உப்பு எவ்வளவு போடுவது என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். கடையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள், நீங்கள் வெட்டுகிற சத்தமும் கேட்கும். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், இதோ பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாயாடி