பூட்டை உடைத்த பிறகு

கோரமண்டல்,
மே மாதம், வெள்ளிக்கிழமை.

என் பிரியமான கணவர் கிளாரன்ஸ் அவர்களுக்கு, ஐடா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலப் புட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வின்னியின் பெயரை எடுத்தாலே, டியூட்டிக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து நாளை மஸ்கட்டுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு ரோனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படியுங்கள்.

எனக்கு லீவு என்று பெயர்தான். மழை பொய்த்ததால் இந்தக் கோடையிலும் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். தலைமை ஆசிரியர் நாகேஷ் சார், "மேடம் வீட்ல சும்மாத்தானே இருக்கீங்க" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். பிள்ளை இல்லாதவளுக்கு லீவு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. கோபம் வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வீட்டில் இருந்தால் வின்னியின் அறைக் கதவைத்தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் இந்து சாப்பிட வரவே இல்லை. அவள் அப்பா விட்டுப் போய் வெகு காலம் ஆகிறது. அம்மா லதா முதல் ரயிலில் பெங்களூர் போய், கார்மெண்ட்ஸில் தைத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவள். பழைய சுரங்கத் தொழிலாளர் வரிசையில் இருக்கும் அவர்கள் லைன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், வெளியே பூட்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஜன்னலுக்குள்ளிருந்து மெதுவாக, "அம்மா பூட்டிட்டுப் போச்சு டீச்சர். நான் உள்ள இருக்கிறது யாருக்கும் தெரியக்கூடாதாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலேயே லதாவைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "போன லீவுல ஒருத்தன் உள்ள பூந்துட்டான் டீச்சர். புள்ள கத்துனதுல ஓடிட்டான். அதான் மாமா வூட்டுக்குப் போயிருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, பூட்டிட்டுப் போறேன். நான் இன்னா பண்றது, வேலைய வுட்டுட்டு வாசல்ல குந்தட்டுமா?" மறுநாள் முதல் யாரும் பார்க்காத நேரமாகப் போய், ஜன்னல் கம்பி வழியே சாப்பாடு கொடுத்து வந்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை எவ்வளவு கூப்பிட்டும் குரல் இல்லை. தகரக் கூரை, கொளுத்தும் வெயில். லதாவின் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் எதையும் யோசிக்கவில்லை. ரோனியைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் பூட்டை உடைக்கச் சொன்னேன். பிள்ளை காய்ச்சலில் நினைவில்லாமல் தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

லதா வந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "புள்ளய காப்பாத்துனீங்க, கும்புடுறேன். ஆனா லைனே கூடிப் பாத்துடுச்சே. பகல்ல பொண்ணு தனியா கெடக்கிறது இப்ப எல்லாருக்கும் தெரியும். இனிமே எந்தப் பூட்ட நம்பி ரயில் ஏறுவேன்?" என்றாள். அப்போதுதான் நான் செய்து வைத்தது எனக்குப் புரிந்தது.

கிருஷ்ணகிரியில் இருக்கும் அவள் தம்பிக்கே இந்துவைக் கட்டிவைக்க முடிவு செய்துவிட்டாள். முப்பது வயதுக்காரன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகப் போகிறான். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அதிகாரிகளிடம் சொல்லி நிறுத்துவேன் என்று மிரட்டினேன். "சொல்லுங்க. ஹோம்ல போட்டு அவங்க பூட்டுவாங்க" என்றாள். அப்படியும் சொல்லத்தான் வேண்டிவரும். அதற்குப் பிறகு பிள்ளை எங்கே இருப்பாள்?

அதனால் இந்து நம் வீட்டிலிருந்து படிக்கட்டும் என்றேன். லதாவுக்கு ஆசைதான். ஆனால், "உங்க வூட்டு சார் ஒத்துக்கணும். நாளைக்கு அவர் வந்து தொரத்துனா புள்ள எங்க போவும்? அவர் வாயால சொல்லட்டும், தம்பிய வரவேணாம்னு சொல்லிடுறேன்" என்கிறாள்.

அவளுக்குக் கொடுக்க நம்மிடம் இருப்பது வின்னியின் அந்த ஓர் அறைதான். கட்டிலும் பள்ளிப் பையும் நீங்கள் வைத்துவிட்டுப் போனபடியே இருக்கின்றன. இந்து ஒருநாளும் வின்னி ஆகிவிட மாட்டாள். கணக்கில் மக்கு, சரியான வாயாடி. ஆனால் உயிரோடு இருக்கிறாள். நம் பிள்ளையின் காய்ச்சலுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இவளுக்குச் செய்ய முடியும்.

லதாவின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். வின்னி போன செய்தியைப் போனில் உங்களுக்குச் சொன்ன வாய் இது. இன்னொரு தாயிடம் அப்படி ஒன்றைச் சொல்ல இதற்குத் தெம்பில்லை.

கர்த்தர் உங்கள் மனதோடு பேசட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசட்டும்.

உங்கள்,
ஐடா