மாலை ஜீப்பில் வரும் பதில்

இன்று சேலத்தில், பயிற்சி மையத்தின் கடைசி மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் துணி உறையை எடுத்தேன். சந்தன வாசனை வந்தது. போன வாரம் ஆயுத பூஜை. திரைக்கு மேல் வைத்த சந்தனம் காய்ந்து, பொடியாகி, கீபோர்டு முழுக்க உதிர்ந்திருந்தது. ஊதித் தள்ளக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வருஷம் முழுக்க இந்த வாசனைதான் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

திங்கட்கிழமை காலை சென்னையில் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமையே கிளம்ப வேண்டும். லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் வேலைக்கான முதல் நிலைச் சான்றிதழ். நாம் இரண்டு பேரும் எழுதுவதாக இருந்தது. இப்போது நான் மட்டும். அதற்கும், ஏற்காட்டில் நான் கவுண்டர் பார்க்கும் லாட்ஜின் முதலாளி விடுப்பு தரமாட்டேன் என்கிறார். போனால் வேலை இல்லையாம். நாளை காலை அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

லாட்ஜ் அறையில் பெங்களூர்க் கல்லூரிப் பையன்கள் விட்டுப்போன தடித்த புத்தகத்தில்தான் எல்லாம் தொடங்கியது. பெரிய ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்க ஆள் தேவை, அந்த வேலைக்கு இந்தப் பரீட்சை என்று முதல் பக்கங்களில் எழுதியிருந்தது. நீ முன்னும் பின்னும் புரட்டினாய். "டிகிரி வேணும்னு எங்கியும் போடல புள்ள" என்றாய். அதுதான் நமக்குப் போதுமாக இருந்தது. இரண்டு பேரும் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவர்கள். இரண்டு பேரும் ப்ளஸ் டூவோடு நின்றவர்கள்.

படிக்கப் புத்தகம் இருந்தது, தட்டிப் பார்க்க மெஷின் இல்லை. மஞ்சக்குட்டையில், டைப்ரைட்டரில் நீ டைப் அடித்த எஸ்டேட் ஆபீஸில் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதைத் துடைப்பது உன் வேலை. அதோடு சரி. ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் சொன்னதை நீ அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவாய்: "தொடைக்கறதோட நிறுத்திக்கோணும் கண்ணு. சுச்சு பக்கம் கை போகப்படாது."

அதனால் நீ மெஷின் ஆனாய். லாட்ஜின் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் நான் கட்டளைகளை எழுதி, காலையில் மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் கொடுத்து அனுப்புவேன். நிஜ மெஷினாக இருந்தால் திரையில் என்ன வந்திருக்கும் என்று நீ புத்தகத்தைப் பார்த்து எழுதி, மாலை ஜீப்பில் திருப்பி அனுப்புவாய். மறுவாரம் நான் மெஷின். ஏற்காட்டில் தட்டினால் மஞ்சக்குட்டையிலிருந்து பதில் வர ஒன்பது மணி நேரம். தப்பாக எழுதினால் பிழைச் செய்தியோடு உன் திட்டும் சேர்ந்து வரும். ஒருமுறை மூன்று தப்புகளை நீ கண்டுகொள்ளாமல் விட்டாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் தனித்தாளில் மூன்றும் வந்தன. கீழே, "பாவம் பாக்கறதுக்கு நான் ஒன்ற அத்தையா?"

ஜீப் டிரைவர் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பஜாரில் நின்றபோது கேட்டார்.

"ஏம் புள்ளைகளா, தெனம் கடுதாசி போவுது, வருது. ஆரு அவன்?"

"லினக்ஸுங்கண்ணா. வெளிநாட்டு மாப்பிள்ளை" என்றாய் நீ.

"என்ன சாதி?"

"அது தெரியலீங்க. அதனாலதான் புடிச்சிருக்குது."

அவர் சிரிக்கவில்லை. நமக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கோப்புகளின் அனுமதி பற்றிய பாடம் எனக்கு ஏறவே இல்லை. உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள் என்று மூன்று வகை ஆட்கள். படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அனுமதி, ஒவ்வோர் அனுமதிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. நீ ஒரே தாளில் புரியவைத்தாய்: "எங்காபீஸ் கம்ப்யூட்டரையே எடுத்துக்க. மொதலாளி என்ன வேணா பண்ணலாம். ரைட்டர் பாக்கலாம். மத்தவங்க தொடைக்கலாம். தொடைக்கறதுக்கு மட்டும் லினக்ஸ்ல எழுத்து இல்ல புள்ள." அந்தப் பாடத்தில் அதன்பின் நான் தடுமாறியதில்லை.

மே மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் மூன்று நாள் ஒரே மாத்திரையைக் கொடுத்தார். நாலாம் நாள் உனக்கு நினைவு தப்பியது. அன்று சேர்வராயன் கோயில் திருவிழா. வாடகை ஜீப்புகள் எல்லாம் மலைமேல் போய்விட்டன. எஸ்டேட் ஜீப் மேனேஜர் பங்களா வாசலில்தான் நின்றது. உன் அப்பா போய்க் கேட்டார். விருந்தாளிகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், பஸ்ஸில் போகச் சொல் என்று மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. திருவிழாக் கூட்டத்தில் இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. மூன்றாவதில் உன்னை மடியில் கிடத்திக் கொண்டுபோனார்கள். சேலம் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

அதன்பிறகு நான் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு மாதம் கழித்து உன் அம்மா லாட்ஜுக்கே வந்து, உன்னிடமிருந்த அசல் பிரதியைக் கவுண்டரில் வைத்தார். என்னிடம் இருந்தது ஜெராக்ஸ்தான்.

"இத வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும் சாமி? படிக்கறதுன்னா படி. இல்லீன்னா பொட்டலம் மடிக்கக் குடுத்துரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. காப்பிச் செடிக்கு உரம் போடப் போகிற அவசரத்தில் சொன்னார். பொட்டலம் என்ற சொல் எனக்கு உறைத்தது. அடுத்த வார விடுமுறையில் சேலம் பஸ் ஏறி இந்த மையத்தில் சேர்ந்தேன்.

முதல் நாள் நடந்ததை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. வாழ்க்கையில் முதல்முறை நிஜ மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கட்டளையைத் தப்பில்லாமல் அடித்தேன். அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம். பயிற்சி தருகிற பையன் பின்னால் வந்து நின்றான்.

"ஏனுங்க, ஆருக்குக் காத்துட்டிருக்கீங்க?"

"பதிலுக்குங்க."

"என்ட்டரத் தட்டாம அது எப்புடிங்க பதில் சொல்லும்?"

வகுப்பே சிரித்தது. தட்டினேன். விரலை எடுப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது. நமக்கு ஒன்பது மணி நேரம் ஆன வேலை. நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். இந்த வேகம் தினமும் காலையில் உன் துணிக்குக் கீழே, ஒரு சுவிட்ச் தூரத்தில் இருந்திருக்கிறது.

அந்தக் கோபத்தோடுதான் நாலு மாதம் படித்தேன். இன்று மாதிரித் தேர்வில் தேறிவிட்டேன். லாட்ஜுக்குத் திரும்பி வந்ததும் முதலாளி மறுபடி ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம ரூமெல்லாம் நெறஞ்சு கெடக்குது. நீ பாட்டுக்குப் பரீட்சைங்கற. லைன் ஊட்டுப் புள்ளைக்கு நான் வேல குடுத்தது பெருசு. நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லு கண்ணு."

யோசித்துவிட்டேன். கவுண்டர் சாவியை நாளை காலை அவர் மேசையில் வைக்கப்போகிறேன். தேறினால் உடனே வேலை கிடைக்கும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. என் வீட்டில் திட்டுவார்கள். தெரிந்தேதான் போகிறேன்.

உனக்காக எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீயே காறித் துப்புவாய். எனக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று. உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது என்று எல்லாரும் பேசுகிறார்கள். லைனில்கூட அப்படித்தான் பேசுகிறார்கள், அப்படிப் பேசினால்தான் அங்கே நாளைக்கும் வேலை இருக்கும். நானும் இத்தனை நாள் தலையாட்டினேன். இனி என்னிடம் யார் கேட்டாலும், ஜீப் இருந்தது, தரவில்லை என்றுதான் சொல்வேன்.