நாய் நனைத்த கட்டு

4-11-68, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடோன் கூரை ஒழுகவில்லை. போன மாதம் ஷீட் மாற்றியது நல்லதாயிற்று. பழைய பேப்பர் வியாபாரிக்கு ஐப்பசி, கார்த்திகை போனால்தான் தூக்கம்.

குடோனில் கட்டுகள் திருட்டுப் போவதால் ஒரு நாய்க்குச் சொல்லி வைத்திருந்தேன். ரயில்வே காலனி மிஸஸ் ராட்ரிக்ஸ் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறாராம், குட்டியைக் கொடுத்துவிடுகிறாராம். என் மனைவி எஸ்தரின் தம்பி தங்கராஜ் (த.ரா.), கடையில் என்னோடு இருப்பவன், போய் வாங்கி வந்தான். பழுப்பு நிறம். ஒரு காது நிற்கிறது, ஒன்று மடிந்து கிடக்கிறது. பெயர் டெடி. வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது, நன்றாகப் பழக்கியது என்று அந்தம்மாள் சொன்னதாகச் சொன்னான்.

முன்பக்கம் வீடு, பின்பக்கம் குடோன், நடுவில் ஒரு நடை. நடையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தாயிற்று. எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளே பால் வைத்தாள்.

வாங்க: பினாயில். கயிறு (போன தடவை வாங்கியது அறுகிறது). நாய்க்குப் பொறை ரொட்டி.

7-11, வியாழன்

பழக்கிய நாயாம். லட்சணம் இதோ:

- இன்று வந்த பேப்பர். நான் பிரிக்கும் முன்பே நனைந்தது.
- சமையலறைக் கீழ்த்தட்டில் எஸ்தர் விரித்திருந்தது.
- அதைத் துடைக்க நான் போட்ட பேப்பர். அதன் மேலேயே மறுபடி.

வெளியே வேப்பமரம், மண், புல் எல்லாம் கிடக்கிறது. அங்கே விட்டால் மோந்து மோந்து சுற்றுகிறது. உள்ளே வந்ததும் போகிறது. சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் வாங்கியதே கிடையாது. இதை மட்டும் வாய்ப்பேச்சை நம்பி வாங்கினேன். ஏமாற்றிவிட்டாள் அந்தம்மாள்.

மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தேன். கயிற்று முனையால் ரெண்டு. எங்கள் பக்கம் இப்படித்தான் பழக்குவார்கள்.

பேப்பர் தரம் பிரிக்கிற கன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா மொதலாளி, பச்சக் கொயந்தயப் போட்டு அடிச்சிகினு கீறே. அதுக்கு இன்னா தெரியும்?"

குழந்தை இல்லாத வீட்டில் சொல்கிற பேச்சா அது. எஸ்தர் காதில் விழுந்திருக்கும்.

9-11, சனி

மழை விட்டு விட்டு. பல்வலி, கிராம்பு வைத்தேன்.

குடோனுக்குள்ளும் ஆரம்பித்துவிட்டது. த.ரா. நனைந்த கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டுக் காட்டினான். சொட்டுகிறது. நாய் மூத்திரம் பட்டது என் கடையிலிருந்து யாருக்கும் போகாது. இதில்தான் பலசரக்குக்காரன் பருப்பும் சர்க்கரையும் மடித்துக் கொடுப்பான், சின்னப் பிள்ளைகள் தின்னும். காயவைத்தால் யாருக்குத் தெரியும் என்கிற வியாபாரிகள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. பல்லாவரம் பக்கம் கல்லுடைத்த பள்ளத்தில் கொட்டிவிடச் சொன்னேன். மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த மழையில் மிதித்துப் போனான்.

நல்ல பிள்ளை. எனக்குப் பிறகு இந்தக் கடை அவனுக்குத்தான். வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

10-11, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனைக்கு அரைக் கூட்டம்தான், மழை. ஐயர் பிரசங்கம் மட்டும் குறையவில்லை.

மார்க்கெட்டில் மிஸஸ் ராட்ரிக்ஸ். கறிக்கடை வாசலில் பிடித்துக்கொண்டேன். பழக்கிய நாய் என்று சொல்லி என் தலையில் கட்டலாமா என்று கேட்டேன். அந்தம்மாளுக்குக் கோபம்.

"என்ன மேன் பேசுறே? டெடி ரொம்ப கிளீன். வராண்டாவுல பேப்பர் போட்டுப் பழக்கினது. பேப்பர் எங்கே கிடக்குதோ அங்கேதான் போகும். வேற எங்கேயும் ஒரு சொட்டு போகாது. உன் மச்சான்கிட்ட எல்லாம் சொல்லித்தானே அனுப்பினேன்."

நடுத்தெருவில் சிரிப்பு வந்துவிட்டது. பேப்பர் கடைக்காரன் வீட்டுக்குப் பேப்பரில் போகப் பழகிய நாய். அது ஒரு தப்பும் பண்ணவில்லை. அதைப் பொறுத்தவரை என் வீடு, என் குடோன், என் பிழைப்பு எல்லாம் கக்கூஸ். துடைக்கப் பேப்பர் போட்ட என்னை என்ன நினைத்திருக்கும்? இன்னொன்று விரித்துக் கொடுத்துவிட்டு, போனதற்கு அடிக்கிறானே என்றுதான்.

த.ரா.விடம் கேட்டேன். "மறந்துட்டேன் அத்தான்." எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பரணில் பழைய பேப்பர் கிடக்கிறது என்று மறக்காதவன். போகட்டும், வயசு.

12-11, செவ்வாய்

புது வழி. அடி கிடையாது.

வீட்டில் தரையோடு கிடந்த பேப்பர் எல்லாம் எடுத்தாயிற்று. சமையல் தட்டுகளுக்கு மெழுகுத்துணி. காலைப் பேப்பர் பீரோ மேல். நாய்க்கென்று ஒரே ஒரு தாள், அது நனைத்ததே, பின்வாசல் கதவோரம். சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் அதன் மேல் விடுவது. போனால் பொறைத் துண்டு. குடோன் கதவு எப்போதும் சாத்தி.

தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்துகிறேன். இன்று படிக்கு வெளியே. காற்றுக்குக் கல் வைத்தது. தேடிக்கொண்டு போய்ப் போயிற்று. கெட்டிக்கார நாய்.

15-11, வெள்ளி

தாள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. முழுத்தாளை அரையாக்கி, காலாக்கி, இன்று தாளே இல்லை. அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. என் முகத்தைப் பார்த்தது. கடைசியில் மண்ணிலேயே போயிற்று.

எஸ்தர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள். அவளும் நானும் ஒரு குடைக்குள் நின்று, ஒரு நாய் மூத்திரம் போனதற்குச் சந்தோஷப்பட்டோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் சுத்தமாக நின்றுவிட்டது. காகித ஆலைக்குப் போகும் லாரி நாளை.

16-11, சனி

லாரி வரவில்லை. ரோட்டில் தண்ணீர்.

மறுபடி கட்டுகள். த.ரா. வெளியே எடுத்துப் போட்டிருந்தான். "எப்படியோ உள்ள பூந்துடுது அத்தான். நீங்க பார்க்கறப்போதான் நல்ல நாய்."

மனசு விட்டுப் போயிற்று. பொறை வாங்கித் தின்றுவிட்டு, என் முகத்துக்கு நேரே மரத்தடியில் போய்க் காட்டிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் என் சரக்கில். தெரியாமல் செய்தபோது வராத கோபம் இன்று வந்தது. கயிறு. நிறுத்த முடியவில்லை. கத்திக்கொண்டே என் காலுக்குள்ளேயே வந்து ஒண்டியது.

எஸ்தர் நடைக் கதவில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே போய்விட்டாள்.

நமக்கு நாய் ராசி இல்லை. யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அஸ்தினாபுரத்தில் தோட்டக்காரர் ஒருவர் கேட்டிருந்தார், திங்கள் காலையில் ஆள் அனுப்பச் சொல்லலாம்.

18-11, திங்கள்

மழை இல்லை. வெயில்கூட.

த.ரா. சிநேகிதன் கல்யாணம் என்று விடியற்காலையே செங்கல்பட்டு போனான். ஆகவே குடோனை நான் திறந்தேன். நாய் நேற்று மாலையிலிருந்து எங்கள் கட்டில் காலில் கட்டிக் கிடக்கிறது, தோட்டக்காரர் ஆளுக்காக.

திறந்தால் கட்டு நனைந்திருக்கிறது.

அடுக்கில் மேல் கட்டு. என் மார் உயரம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் காய்ந்த கட்டு. கூரையைப் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. எடை ஏற்றுவதற்குத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்களிடம் காலமெல்லாம் பேப்பர் வாங்கியவன் நான். கையை உள்ளே விட்டால் தெரியும். கிணற்றுத் தண்ணீர், மேலேயிருந்து ஊற்றியது. இத்தனை நாள் நனைந்த கட்டுகளை அடுக்கில் வைத்து நான் பார்த்ததே இல்லை. வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் த.ரா. காட்டினான். சாவி என்னிடம் ஒன்று, அவனிடம் ஒன்று.

கன்னியம்மா வந்தாள். கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாயி ஏணி வச்சி ஏறிச்சா மொதலாளி?"

பிறகு அவளாகவே சொன்னாள். தம்பி வண்டி பல்லாவரம் பக்கம் போவதில்லையாம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் போவதை அவள் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். "நீதான் அனுப்புறேன்னு நெனச்சிகினோம்."

தோட்டக்காரர் ஆள் வந்தான். நாய் கொடுப்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன்.

19-11, செவ்வாய்

சைக்கிளில் ரயில்வே கேட் தாண்டி, சேலையூர் வழியாக ராஜகீழ்ப்பாக்கம். ரோட்டோரம் புதுக் கீற்றுக் கொட்டகை. உள்ளே கொடி கட்டி, சேலை காயப்போடுகிற மாதிரி வரிசையாகப் பேப்பர். கீழே கட்டுகளில் என் கடை முடிச்சு. அந்த முடிச்சை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

நாய் மூத்திரம் என்றால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என் நாணயத்தை வைத்தே என்னை அடித்திருக்கிறான்.

அது போகட்டும். சுவரில் சாத்தி வைத்த புதுப் பலகை. பெயிண்ட் காயவில்லை. "எஸ்தர் பேப்பர் ஸ்டோர்."

சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டு வந்தேன். வழியில் டீ, பாதியில் வைத்துவிட்டேன்.

20-11, புதன்

காலைச் சாப்பாடு முடிந்ததும் கேட்டேன். சத்தம் போடவில்லை. த.ரா. மறுக்கவும் இல்லை.

"சரக்கு கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா அத்தான்? தனிக்கடைன்னு பேச்செடுத்தா பார்க்கலாம் பார்க்கலாம்னே சொல்லிட்டிருந்தீங்க. எனக்கும் கல்யாணம் காட்சி வேண்டாமா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது உண்மைதான். அதை அவனிடம் சொல்லவில்லை.

"கட்டை எடுத்தே, சரி. நாயை ஏன்டா மாட்டிவிட்டே?"

அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நாய்தானே அத்தான்" என்றான்.

சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். எடுத்த சரக்கை நீயே வைத்துக்கொள் என்றேன். வைத்தான். போனான்.

எஸ்தர் அடுப்பைப் பார்த்தே நின்றாள். கொட்டகை போட்டது முன்னாலேயே தெரியுமாம். தண்ணீர் ஊற்றுவது சனிக்கிழமைதான் தெரிந்ததாம், கிணற்றடியில் வாளியோடு பார்த்தாளாம்.

சனிக்கிழமை. கதவில் வந்து நின்றாளே.

"அப்போ ஏன் சொல்லலே?"

"சொன்னா அவனைத் தொரத்தியிருப்பீங்க. நாயை அடிச்சா நாளைக்கு வாலாட்டிட்டு வரும். அவன் போனா வரமாட்டான். எனக்கு வேற யாரு இருக்கா?"

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என்னை அவள் அந்தக் கணக்கில் வைக்கவே இல்லை.

24-11, ஞாயிறு

மழை. ஆராதனைக்குப் போகவில்லை. இருமல் என்று சொல்லிவிட்டேன்.

எஸ்தர் கேரியரில் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போயிருக்கிறாள். இன்று கடை திறக்கிறானாம். சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கும் மூடி வைத்திருக்கிறாள். நான் சாப்பிடவில்லை.

டெடி புதன்கிழமையிலிருந்து வேப்பமரத்தடியில், உள்ளே வருவதில்லை. சாப்பாடு அங்கேயே. நடையில் சாக்கு அப்படியே கிடக்கிறது. பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நனைந்துகொண்டே பார்த்தது. மறுபடி கூப்பிட்டேன். வயிறு தரையில் உரச, ஒவ்வொரு காலாக வைத்து, படி ஏறி, உள்ளே வந்தது. கயிறு கையில் இல்லை. வெறுங்கைதான். தலையைத் தடவலாம் என்று நீட்டினேன்.

நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டது. தரையில் ஒரு தாள்கூட இல்லை.

துணி எடுத்து வந்து துடைத்தேன்.